கியர்க் குமிழின் சூடு

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, களப்புக் காற்று இரவு முழுக்கத் தடவித் தடவிக் குளிரவைத்திருந்த காருக்குள் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடுவதற்கு முன்னால் வழக்கம்போல இடது கையைக் கியர்க் குமிழில் வைத்தபோது, அது சூடாக இருந்தது.

சுடவில்லை. சுட்டிருந்தால் எங்கோ வயர் உரசுகிறது என்று தவச்செல்வன் தன் மேதைமையைக் காட்டியிருப்பான். ஸ்டியரிங் குளிர்ந்து கிடந்தது. சீட் குளிர்ந்து கிடந்தது. கண்ணாடியில் பனி முத்து முத்தாய் நின்றது. குமிழில் மட்டும், பஸ்ஸில் யாரோ ஒரு தடித்த மனிதன் எழும்பிப்போன சீட்டில் நாம் போய் அமரும்போது வருமே, அந்தச் சூடு. உலகத்தில் தவச்செல்வனுக்குப் பிடிக்காத சூடுகளில் அதுதான் முதலாவது.

சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துக் குமிழைத் துடைத்தான். காருக்குள் மெல்லிய கராம்பு எண்ணெய் வாசம் அடித்தது. பல்வலிக்காரன் எவனோ முன்பு வைத்திருந்த கார் போல என்று நினைத்துக்கொண்டு இஞ்சினை எழுப்பினான்.

தவச்செல்வனுக்கு ஐம்பத்திரண்டு வயது. நுரைச்சோலைக்கு அப்பால் ஒரு றால் பண்ணையில் மேற்பார்வையாளர். வன்னியில் பிறந்து, யுத்தம் விரட்ட விரட்ட இடம் மாறி, பாலாவி உப்பளங்களுக்குப் பின்னால் ஒரு வீட்டில் வந்து நின்றவன். தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர்க் கார் ஓடுகிறவர்களை அவன் சாரதிகள் என்று ஒத்துக்கொள்வதில்லை. "அவங்கள் பயணியள். கொஞ்சம் முன்னுக்கு இருக்கிற பயணியள்" என்பான். மனைவி வதனாவின் தமையன் ஒரு ஹைபிரிட் கார் வாங்கிச் சத்தமில்லாமல் வாசலில் வந்து நின்றபோது, "குசினிப் பிறிட்ஜுக்குச் சில்லுப் பூட்டினமாதிரி இருக்கு மச்சான்" என்று வாழ்த்தினான். மண்ணெண்ணெய் குடித்து ஓடிய காரில், கிடங்கும் மேடுமான வன்னி ரோட்டில் கியர் பழகினவன் தானென்று சொல்லாத கலியாண வீடு கிடையாது.

அவன் சொல்லாத ஒன்றும் உண்டு. அவனுக்குக் கியர் மாற்ற வராது. முப்பது வருடமாகியும் வரவில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, "அப்பா மிளகாய் அரைக்கத் துவங்கீற்றார்" என்று மகள் சுஜி பழைய காரின் பின்சீட்டிலிருந்து சொல்லுவாள். அவளுக்கு இருபது வயது. ஓட்டோ கியருக்கு மட்டும் லைசன்ஸ். கிளச் பழக்கித் தரச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "உனக்கு அந்த பிறிட்ஜ்தான் சரி பிள்ளை" என்று சொல்லிவிடுவான். அவள் கால் வழுக்கிக் காரோடு றால் குளத்துக்குள் போய்விடுவாளோ என்று அவனுக்குப் பயம். பயத்தை நக்கலாக அல்லாமல் வேறு விதமாகச் சொல்ல அவனுக்குத் தெரியாது.

காரைப் பாலாவிச் சந்தியில் லத்தீப் நானாவிடம் வாங்கினான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு சொப்பின் பையோடு வந்தவர். இப்போது அவருடைய வளவில் எப்போதும் ஏழெட்டு வாகனம் நிற்கும். தகரக் கொட்டிலின் கடைசியில் இது நின்றது. சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட். முயலைக் கண்ட நாய்போல மூக்கைத் தரையில் வைத்துப் பதுங்கி நின்றது.

"புத்தகத்துல ஒரே ஒரு பேர்தான் தம்பி" என்றார் லத்தீப். "ஓப்பின் பேப்பர்."

அது எல்லோரும் செய்கிற காரியம்தான். பெயர் மாற்றுகிற படிவத்தில் பழைய சொந்தக்காரன் கையெழுத்தை வைத்துக் கொடுத்துவிடுவான். வாங்குகிறவனுக்கான இடம் வெறுமையாக இருக்கும். புத்தகத்தில் பெயர் கூடக் கூட வாகனத்தின் மதிப்புக் குறையும் என்பதால், யாரும் தங்கள் பெயரை எழுதாமல் அந்த வெறுமையோடேயே அடுத்தவனுக்கு விற்பார்கள். எத்தனை கை மாறினாலும் சட்டப்படி கார் முதலாமவனுக்குத்தான்.

"ஆனா நீங்க பேர எழுதிருங்க" என்று லத்தீப் குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்து வச்ச மனுசன் மௌத்தாகி ஆறு வருசம். றேஸ் ஓடினவர். வருத்தம் வந்து படுக்கையில கெடக்கக்க, மகன்மார் அவருட கையப் புடிச்சித்தான் கையெழுத்து வாங்கினாங்களாம். அவரு குடுக்கல்ல."

"செத்தவன் வந்து கேக்கப்போறானோ நானா?"

லத்தீப் படிவத்தின் வெறுமையான இடத்தில் விரலை வைத்தார்.

"அப்ப நீங்கள் ஏன் உங்கட பேரை எழுதேல்ல?"

"நான் விக்கிற ஆள் தம்பி. ஓடுறதில்ல. இடம் மாத்துறதெண்டாலும் தள்ளித்தான் வெப்பன்."

கொழும்புக்குப் போய்க் கந்தோர் வரிசையில் நிற்கத் தனக்கென்ன விசரா என்று தவச்செல்வன் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வதனா சுற்றிவந்து பார்த்தாள்.

"ரெண்டு சீட்டோ? அப்ப சுஜியை எங்க இருத்திறது, கூரையிலயோ?"

"இது ஸ்போர்ட்ஸ் கார் வதனா."

"தெரியுது. உங்களுக்கு இடுப்பு வலி வந்து மூண்டு வருசம். உதுக்குள்ள இறங்கினா ஆர் தூக்கி எடுக்கிறது?"

முதல் பத்து நாளும் அவன் வாழ்க்கையில் அதுவரை வராத நாட்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டி ரோட்டுக்குத் திரும்பியதும், ஒருபக்கம் உப்புப் பாத்திகள் வெள்ளைத் தகடாய் மின்ன, தூரத்தில் காற்றாடிகள் சோம்பலாய்ச் சுற்ற, அனல் மின்நிலையத்துப் புகைபோக்கி வானத்தில் விரல் நீட்டிக்கொண்டு நிற்க, அவன் இரண்டு போட்டான், மூன்று போட்டான், நான்கு போட்டான். மிளகாய் அரைபடவில்லை. வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல லீவர் போனது. வளைவுகளில் இஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு கீழ்க் கியருக்கு இறங்கியது. முப்பது வருடம் ஒளித்துவைத்த வெட்கம் தீர்ந்துபோய், முன்னால் போன ஹைபிரிட்டுகளைப் பார்த்து நாக்கைத் தட்டி "ச்சு" என்றான். நான் கெட்டிக்காரன்தான், இவ்வளவு காலமும் கார்தான் பிழை என்று முடிவுகட்டினான். இந்த முடிவுக்கு வராத மனிதன் உலகத்தில் இல்லை.

பதினோராம் நாள் விடிய, குமிழ் சூடாக இருந்தது.

பன்னிரண்டாம் நாளும்.

பதின்மூன்றாம் நாள், நுரைச்சோலைக்கு முன் வளைவில், கிளச்சை மிதித்துவிட்டுக் காதைச் சொறியக் கையை எடுத்தான். கை காதில் இருந்தது. லீவர் தானாக இரண்டுக்கு இறங்கியது. அதனதன் இடத்தில், அழகாக.

அவன் அதை வதனாவுக்குச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? இவ்வளவு நாளும் கியர் போட்டது நானில்லை என்றா? பேயைவிட அந்த வார்த்தை அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த நாள், தானே போட்டுக் காட்டுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினான். ரோட்டில் யாரும் இல்லை. காலை வெயில் இன்னும் ஏறவில்லை. உப்பின் காரமும் கராம்பு வாசமும் கலந்து மூக்கில் நின்றன. குமிழை இறுக்கிப் பிடித்து, பிடிவாதமாக, பிழையாக, மூன்றுக்குத் தள்ளினான். லீவர் நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினான்.

அப்போது அவன் விரல்களுக்கு அடியில் குமிழ் இல்லை. குமிழுக்கும் அவன் உள்ளங்கைக்கும் நடுவே வேறொன்று இருந்தது. மூட்டு மூட்டாக. சூடாக. அது திரும்பி அவன் மணிக்கட்டைப் பிடித்து, சாப்பாட்டுக் கோப்பைக்குள் கைவிட்ட குழந்தையின் கையை எடுத்துவிடுவதுபோல எடுத்து, அவன் மடியில் வைத்தது. அடிக்கவில்லை. நோகவில்லை. பிறகு, ஒருவருமில்லாத இடப்பக்கச் சீட்டிலிருந்து, காதுக்கு மிக அருகில், நாக்குத் தட்டுகிற சத்தம்.

ச்சு.

தவச்செல்வன் எத்தனையோ பேரைப் பார்த்து எத்தனையோ தடவை செய்த சத்தம். தனக்குச் செய்து கேட்டது அதுதான் முதல்தடவை. அதற்குள் எவ்வளவு இளக்காரம் இருக்கிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

எப்படியோ வீட்டுக்குக் காரைத் திருப்பி ஓடிவந்தான். இல்லை, கொண்டுவரப்பட்டான். காரை ஷெட்டில் விட்டு, சாவியைப் பிறிட்ஜின் மேல் எறிந்துவிட்டு, வேலைக்குப் பஸ்ஸில் போனான். முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சுஜி கேட்டாள்: "என்னப்பா, கார் பழுதோ?"

"கார் நல்லம்."

"அப்ப நான் ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?"

உள்ளே வந்தது பயம். வாயில் வந்தது வழமையானதுதான். "நீயோ? நீ முதல் கிளச் எது, பிறேக் எது எண்டு கண்டுபிடி. உன்னை மாதிரி ஆக்களுக்கு அது வராது."

ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அவ்வளவுதான்.

வேலை முடிந்து நேரே லத்தீப்பின் வளவுக்குப் போனான். மஃரிப் தொழுகைக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. லத்தீப் கைகால் கழுவி வுழூச் செய்யப் பைப்படியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். தவச்செல்வன் முகத்தைப் பார்த்ததும் பைப்பைப் பூட்டினார்.

"கொண்டுவந்து உடுங்க தம்பி. நான் எடுக்கிறன்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"உங்களுக்கு முந்தி மூணு பேர். மூணு பேரும் ஒரே கததான். 'கார் புடிக்கலயா?' எண்டு கேட்டன். 'இல்ல நானா, காருக்கு எங்களப் புடிக்கல்ல' எண்டானுகள்." லத்தீப் வாயைத் துடைத்தார். "அந்த மனுசன் கடைசிக் காலத்துல ஆக்களுக்குப் பழக்கிக் குடுத்தவராம். கியர் தெரிஞ்சவனப் புடிக்காதாம் அவருக்கு. பிழையாப் பழகினவன் எண்டு ஏசுவாராம். ஒண்டும் தெரியாத புள்ளயொண்டு கெடைச்சாத்தான்..."

அவர் நிறுத்திக்கொண்டார். தவச்செல்வனின் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும்.

"ஊட்டுல யாரும் கார் ஓடுறாங்களா தம்பி?"

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஓடினான். ஐம்பத்திரண்டு வயதும் இடுப்பு வலியும் றால் பண்ணைச் சப்பாத்துமாக, உப்பளத்து வரம்பு ரோட்டில் ஓடினான். வீட்டுப் படலை திறந்து கிடந்தது. ஷெட் வெறுமையாக இருந்தது. வதனா படலையடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சும்மா ஷெட்டுக்க இருந்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிறன் எண்டவளப்பா. அப்பாக்கு ஓடிக் காட்டப்போறன் எண்டவள். நான் தேத்தண்ணி போட்டுட்டு வந்து பாத்தா..."

"எப்ப?"

"ஒரு மணித்தியாலம்."

பெற்றோல் அரைவாசிக்கு மேல் இருந்தது. அவன்தான் அடித்தான்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது. உப்புப் பாத்திகளில் வானத்தின் சிவப்புக் கட்டிபட்டுக் கிடந்தது. காற்று விழுந்துவிட்டது. அந்த அமைதிக்குள், மிகத் தூரத்தில், அவன் அதைக் கேட்டான். இரண்டு. மூன்று. நான்கு. ஒரு உரசல் இல்லை. ஒரு திக்கல் இல்லை. முப்பது வருடமாக அவன் செய்ய ஆசைப்பட்ட சத்தம். ஒரு கணம், ஒரேயொரு கணம், அந்த மடையனின் நெஞ்சு பெருமையில் விம்மியது. என்ர பிள்ளை.

பிறகு நெஞ்சு நின்றது.

வரம்பு ரோட்டின் முடிவில் இரண்டு வெளிச்சம் திரும்பியது.

அவன் ரோட்டின் நடுவில் போய் நின்றான். இரண்டு கையையும் விரித்தான். "சுஜி! பிறேக்! நடுவில இருக்கிறது பிள்ளை, நடுவில!"

கார் வந்தது. வேகம் குறையவில்லை. கூடவுமில்லை. அவனை இடிக்கவில்லை. ரோட்டில் படுத்துக் கிடக்கிற நாயைச் சுற்றிப் போவதுபோல, ஒரு சாண் இடைவெளியில், ஸ்டியரிங் வளைந்து நிமிர, அவனைச் சுற்றிப் போனது.

கதவுக் கண்ணாடி அவன் முகத்துக்கு அருகில் கடந்தது.

சுஜி சாரதி சீட்டில் இருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வெளியே வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளும் பக்கத்துக் கண்ணாடியில் அழுந்தி வெளிறியிருந்தன. இரண்டு கால்களும் சீட்டின் மேல், முழங்கால் நாடியில் முட்ட, மடித்து வைத்திருந்தாள்.

கிளச் இறங்கும் சத்தம் கேட்டது.

கார் ஐந்தாம் கியருக்கு மாறியது.