பச்சை மறையாத இடம்

ஸ்ம்ருதியின் இடது தோளில் ஓர் இடம் மட்டும் மறையவில்லை.

மற்றவை எல்லாம் மறைந்திருந்தன. நவராத்திரிக்கு நாளுக்கொரு நிறம் என்று வாட்ஸப் குழுவில் லதா விதித்திருந்தாள், இன்று பச்சை. பச்சைப் புடவைகளோடு பஸ் பிடித்து சினிமா, டிவி மியூசியத்துக்கு வந்த பெண்கள், மாதிரிச் செய்தி அறையின் பச்சைச் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றபோதுதான் செய்த தவறு புரிந்தது. மானிட்டரில் புத்தக அலமாரி ஒன்றின் முன்னால் தலைகளும் கைகளும் மட்டும் மிதந்தன.

“ஐயோ, என் இடுப்பு எங்கடி? இத்தனை வருஷம் வாக்கிங் போயும் குறையாதது!” என்றாள் லதா. எல்லோரும் சிரித்தார்கள்.

மாதங்கி சிரிக்கவில்லை. நொய்டாவில் ஒரு சேனலில் எடிட்டராக இருப்பவளுக்கு இது தினசரி வேலை. கணினி பச்சையை மட்டும்தான் தேடும். பச்சை இருக்கும் இடத்தை வெட்டிவிட்டு, அங்கே அலமாரிப் படத்தை வைக்கும். பட்டா, பருத்தியா, ஆளா, சுவரா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அப்படியானால் மகள் ஸ்ம்ருதியின் பச்சைப் பட்டுச் சட்டையில் தோளருகே மட்டும் ஏன் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு?

நிழலாக இருக்கும். நிழல் விழுந்தால் பச்சை கறுத்து, கணினிக்கு அடையாளம் தெரியாமல் போகும். அவள் விளக்கைத் திருப்பினாள். திட்டு அப்படியே இருந்தது. கறையாக இருக்கும். குனிந்து பார்த்தாள். சட்டை சுத்தமாக இருந்தது.

“வாடி, அடுத்த ஹால்ல பழைய ரேடியோ எல்லாம் இருக்காம்” என்று லதா எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

“நீங்க போங்க. இதோ வந்துடறேன்” என்றாள் மாதங்கி.

காவலாளி எட்டிப் பார்த்தார். “ஜல்தி, மேடம். பந்த் கர்னா ஹை” என்று, மூடும் நேரமாகிவிட்டதென இந்தியில் அவசரப்படுத்தினார். அவருடைய செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து மறைந்தது. சூடான விளக்குகளிலிருந்து தூசி கருகும் வாசனை வந்தது. தரைவிரிப்பிலிருந்து ஃபினாயில் வாசனை. எங்கோ ஓர் அறையில், அணைக்க மறந்த பழைய ரேடியோப் பெட்டி ஒன்றில், முகமில்லாத குரலொன்று வானிலை அறிக்கையை வாசித்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தது.

“ஸ்ம்ருதி, கொஞ்சம் திரும்பி நில்லு கண்ணா.”

குழந்தை சுவரைப் பார்த்துத் திரும்பியது. மாதங்கி மானிட்டரைப் பார்த்தாள். முதுகுப் பக்கம், தோளுக்குக் கீழே, குட்டையாக ஒரு சாம்பல் கோடு. மறுபடியும் முன்னால் திருப்பினாள். முன்பக்கத்தில் நான்கு கோடுகள், அடுத்தடுத்து.

பின்னால் ஒன்று. முன்னால் நான்கு.

யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்தால் விரல்கள் அப்படித்தான் விழும்.

“அம்மா, இங்க மட்டும் ஜில்லுனு டண்டா இருக்கு” என்றாள் ஸ்ம்ருதி, தன் தோளைக் காட்டி.

மாதங்கி அவளுடைய சட்டையைப் பற்றிச் சுவரைவிட்டு வெளியே இழுத்தாள். தரைவிரிப்பின் மேல் நிறுத்தி, தோளை வெறும் கண்ணால் பார்த்தாள். பட்டு மட்டும் பளபளத்தது. வேறொன்றுமில்லை.

“இப்பவும் டண்டா இருக்கா?”

குழந்தை தலையாட்டியது.

போய்விடவில்லை. இங்கே தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனாலும் தெரியாது. தூங்கும்போதும் தெரியாது. அதைப் பார்க்க இந்தப் பச்சைச் சுவர் ஒன்றுதான் வழி. இன்னும் சற்று நேரத்தில் அதையும் பூட்டிவிடுவார்கள்.

மறுபடியும் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். விரல்கள் இப்போது தோளில் இல்லை.

சட்டைக் கழுத்தின் விளிம்பில் இருந்தன.

“அம்மா...” குழந்தை இருமியது.

யோசிக்க நேரமில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, தெரியாத அந்த இடத்தில் மாதங்கி கை வைத்தாள். தோல். ஊறிப்போன, சுருங்கிய, குளிர்ந்த தோல். கத்தாமலிருக்கப் பல்லைக் கடித்தாள். திரையில் ஒரு சாம்பல் விரல் குழந்தையிடமிருந்து எழுந்தது. தயங்கியது. அவளுடைய மணிக்கட்டின் மேல் படிந்தது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் குழந்தையிடமே திரும்பியது.

அப்போது புரிந்தது. சுவிட்ச் போட்டால் விளக்கு எரிவதுபோல, அவ்வளவு எளிமையான விதி.

மறுபடியும் கை வைத்தாள். இந்த முறை எடுக்கவில்லை. ஒரு விரல் வந்தது. இன்னொன்று. வானிலை அறிக்கை முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாவது. நான்காவது. கட்டைவிரல் மட்டும் குழந்தையின் கழுத்தை விடாமல் நின்றது.

“வா” என்றாள் மாதங்கி மெல்ல. “என்கிட்ட வா.”

வந்தது.

முழுக்கை ரவிக்கையின் பச்சையில் அது மேலேறுவதைத் திரையில் பார்த்தாள். முழங்கை. தோள். கழுத்து. இப்போது விரல்களுக்குப் பின்னால் ஒரு மணிக்கட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கை, நீளமாக, சுவர் வரைக்கும்.

ஸ்ம்ருதியின் சட்டை துளியும் மிச்சமில்லாமல் மறைந்திருந்தது. “டண்டா போச்சு!” என்றாள்.

“இன்னும் இங்கதான் நிக்கிறியா? பஸ் கிளம்பிடுச்சுன்னா மெட்ரோவுலதான் தொங்கணும்” என்று லதா வாசலில் வந்து கை நீட்டினாள். மாதங்கி பின்வாங்கினாள்.

“கிட்ட வராத. பாப்பாவ நீ கூட்டிட்டுப் போ.”

“என்னடி ஆச்சு உனக்கு? முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கு” என்றபடி லதா உள்ளே வந்து குழந்தையின் கையைப் பிடித்து வாசல் பக்கம் அழைத்தாள்.

“போன்னு சொல்றேன்ல!”

அம்மாவின் அதட்டலில் குழந்தையின் உதடு பிதுங்கியது. லதாவின் பிடியை உதறிவிட்டு ஓடிவந்தது. திரையில் அழுகிற ஒரு சின்ன முகமும், தூக்கச் சொல்லி உயர்ந்த இரண்டு சின்னக் கைகளும் அவளை நோக்கி மிதந்து வந்தன.

மாதங்கி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டாள். தொட்டால் அது மாறும்; தொடாவிட்டால் தன்னிடமே இருக்கும். இனி அவள் யாரையும் தொடக் கூடாது.