மூன்றாம் மாடிப் பிணம்

ட்ரிங்... ட்ரிங்...

சமூக சேவை உத்தியோகத்தர் ஜுமானா ரிசீவரை எடுத்தாள்.

"பிள்ளை... என்ர ஹோலுக்குள்ள ஒரு பிணம் கிடக்கு."

வரதராசா! வெள்ளவத்தையில் தன் சொந்த மூன்றாம் மாடி வீட்டில் தங்கை மகன் தனஞ்சயனோடு வசிக்கும் பார்வையற்ற மனிதர்.

ஜுமானாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இது அவரது மூன்றாவது அழைப்பு. முதலில் யாரோ தன் கழுத்தை நெரித்ததாகச் சொன்னார். பிறகு அறைக்குள் ஒரு பெண் அழுவதாக. இரண்டு முறையும் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மாமாவுக்கு மூளை குழம்பிவிட்டது, முதியோர் விடுதியில் சேர்க்கச் சிபாரிசு செய்யுங்கள் என்று தனஞ்சயன் அவளை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

பொலிஸ்காரர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு த்ரீவீலர் கொழும்பு காலி வீதியில் பறந்தது.

தனஞ்சயன்தான் கதவைத் திறந்தான். கூடத்தில் பிணம் இல்லை. தரை பளபளத்தது. பிளேன்டீ குடிக்கிறீர்களா என்று கேட்டான்.

"இண்டைக்காவது ஒரு முடிவு எடுங்கோ மிஸ்."

ஜுமானா கதிரையில் இருந்த கிழவரைப் பார்த்தாள். அவள் தலையாட்டினால் போதும்... இந்த வீட்டுக்கு அவர் திரும்பவே மாட்டார். கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருப்போமா என்று மெதுவாகக் கேட்டாள்.

வரதராசா பிணத்தில் தடுக்கி விழுந்ததை, அதன் கை ஐஸாகக் குளிர்ந்ததை, தலையை மடியில் தூக்கி வைத்து ஒப்பாரி வைத்ததைச் சொன்னார். பிறகு...

"பிணத்தின்ர நாடி குதிரை மாதிரி ஓடிச்சுது, பிள்ளை."

தனஞ்சயன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆளை அப்பவே தெரியும். ஆனா குருடன் சொன்னா ஆர் நம்புறது? திரும்பவும் ஏதும் செய்வான் எண்டு கைநாட்டு மையைப் பொக்கெற்றிலயே வச்சிருந்தனான். மடியில வச்சு அழேக்க அவன்ர பிடரியில பூசிவிட்டன்."

மூடியிருந்த வலது கையை விரித்தார். விரலெல்லாம் ஊதா!

"தம்பியைக் கொஞ்சம் திரும்பச் சொல்லுங்கோ."

தனஞ்சயன் திரும்பினான்... வாசலை நோக்கி ஓடுவதற்காக!

அவன் பிடரியில் ஐந்து ஊதா விரல்கள்.

பொலிஸ்காரர் அவனைப் படிக்கட்டில் அமுக்கினார். மாடிவீட்டுக்காக மாமாவைப் பைத்தியமாக்கப் பார்த்ததையும், கையை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் பிணமாகப் படுத்ததையும் அவன் கக்கினான். பொலிஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டது.

ஜுமானா வரதராசாவின் மைக் கையைப் பிடித்தாள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் தலையாட்டியிருப்பாள்.

அவளது கைப்பேசி அதிர்ந்தது. மேலதிகாரி. வீட்டில் பிணம் கிடைத்ததா என்று கேட்டார்.

"கெடச்சிச்சி சேர். இப்ப ஜீப்புக்குள்ள இருந்து சட்டத்தரணியக் கேக்குது."