இல்லறக் காரணம்

"நீங்க பக்கத்துல வந்தாலே எனக்குப் பிரஷர் ஏறுதாம். தீர்ப்பி மெஷினே சொல்லிடுச்சு."

"கல்யாணத்துக்கு முன்னாடி நீயே அதைச் சொன்னியே சுடரு! அப்ப அதுக்கு வேற பேரு."

"ஐயே, வயசைப் பாருங்க, பேச்சைப் பாருங்க."

முதல் மேல்முறையீடு தோற்ற அன்று, வீடு திரும்பும் சுரங்க வண்டியில் தணிகைவேலும் அவர் மனைவி சுடர்க்கொடியும் இப்படிப் பேசிச் சிரித்தார்கள். அதன் பிறகு எத்தனையோ முறை தோற்றாகிவிட்டது. சிரிப்பு எப்போது நின்றது என்று தணிகைவேலுக்கு நினைவில்லை.

இன்று கடைசி முறையீடு. செவ்வாய்க் கோளில், கண்ணாடிக் கூரை கவிந்த தெற்குக் கவிகை நகரில், முன்னாள் படைவீரர் நீதிமன்றத்தின் நீண்ட கூடத்தில் இருவரும் காத்திருந்தார்கள். அங்கே யார் உட்கார்ந்தாலும் நாற்காலி அவருடைய இரத்த அழுத்தத்தை உரக்க அறிவிக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூமியில் மழை வருமா என்று விசாரிப்பது போல, இங்கே அது அன்றாடப் பேச்சு.

"நூற்றெண்பது" என்றது சுடர்க்கொடியின் நாற்காலி.

"அடேயப்பா! எனக்கு நூத்தி அறுவதுதான். முதல்ல நீதாம்மா ஜெயிப்பே" என்றார் பக்கத்தில் இருந்த மைதீன் பிச்சை. ஒரு கையைப் போரில் இழந்தவர். "நான் இந்தக் கைக்குத்தான் கேஸ் போட்டேன். பிரஷரு இங்கன உக்காந்து உக்காந்து வந்தது. இப்ப அதுக்கும் தனியா ஒரு கேஸு ஓடுது."

சுடர்க்கொடி சிரித்ததாகப் பேர் பண்ணினாள். தணிகைவேல் அவள் கையைப் பிடிக்கப் போனவர், அதனாலும் ஏறிவிடுமோ என்று தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அவள் இளமையில் வியாழனின் பனிநிலவில் காவற்படையில் இருந்தவள். படையில் சேருகிற எல்லோருக்கும் கழுத்து நாளத்துக்குள் கடுகளவில் ஒரு நாடிமணியை வைத்துவிடுவார்கள். இரத்தத்தின் ஒவ்வோர் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அது எண்ணிச் சொல்ல, அருகில் இருக்கும் பதிவகம் சேமித்து வைக்கும். ஓய்வுக்குப் பின் நோய் வந்தால், அது படைப்பணியால் வந்தது என்று அந்தப் பதிவைக் கொண்டு நிறுவ வேண்டும். நிறுவினால் ஆயுள் முழுக்கச் சிகிச்சை உண்டு.

சுடர்க்கொடியின் பதிவு அவளுக்கே எதிராக இருந்தது. பனிநிலவில் எதிரிகள் முற்றுகையிட்ட வாரத்தில்கூட அவள் இரத்தம் தெளிந்த குளம் போல இருந்திருக்கிறது. வீட்டில், கணவர் அருகில் இருந்த இரவுகளில்தான் தவறாமல் கொதித்தது. ஆகவே, தீர்ப்பி என்று எல்லோரும் அழைக்கும் அந்த நீதி இயந்திரம், நோய்க்கு 'இல்லறக் காரணம்' என்று எழுதியது. அதற்கும் சட்டத்தில் வழி இருந்தது. நோயாளியைக் காரணத்திடமிருந்து பிரித்து, பாலைவனத்துக்கு அப்பால் வடக்குக் கவிகையில் தனியே குடிவைத்துக் காப்பாற்றுவார்கள். காரணம் தெற்கிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்று தோற்றால், இந்த வாரமே வண்டி.

பெயரை அழைத்தார்கள். தீர்ப்பிக்கு உருவம் கிடையாது. சுவரில் ஒரு விளக்கு, பொறுமையான ஆசிரியை ஒருத்தியின் குரல், அவ்வளவுதான்.

"முற்றுகையின்போது சிறிது நேரம் மின்சாரம் அறுந்ததாக எழுதியிருக்கிறீர்கள்" என்றது குரல். "அப்போது பதிவகமும் நின்றிருந்தது. அந்த நேரத்துக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாததை நடந்ததாகக் கொள்ள விதி இல்லை."

"தெரியும்" என்றாள் சுடர்க்கொடி. ஒவ்வொரு முறையும் கேட்டது.

"கணவர் வந்து படுத்த சற்று நேரத்தில் அழுத்தம் ஏறுகிறது. அவர் வெளியூர் போயிருந்த இரவுகளில் ஏறவில்லை. வேறு காரணம் ஏதும் உண்டா?"

அவள் நாற்காலிக் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தணிகைவேலுக்குக் காது மடல்கள் சுட்டன. மகளுக்குத் திருமணம் முடித்துக் கொடுத்த வயதில், கட்டிலருகே தான் வருவதை ஓர் இயந்திரம் இப்படிப் படித்துச் சொல்லக் கேட்பது அவருக்குப் பழகவே இல்லை. ஆனால் இன்று வெட்கத்தைவிட அசதிதான் மிகுந்திருந்தது. எழுந்து நின்றார்.

"போதும்மா. நான் ஒத்துக்கறேன். அவளை வடக்கே அனுப்பிடுங்க."

"என்ன பேசறீங்க?" சுடர்க்கொடி வெடுக்கென்று திரும்பினாள்.

"பின்ன என்ன சுடரு? எங்கேயாவது நீ நல்லா இருந்தாப் போதும் எனக்கு. என் தப்பு என்னன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். படுக்க வரேன். தண்ணி குடிக்கறேன். காத்தாடிய நிறுத்தறேன். உனக்குப் போர்வைய இழுத்து விடறேன். வேற ஒண்ணுமே செய்யலியே நான்!"

 அவள் முகம் வெளுத்தது.

கவிகைக்குள் காற்று சுவர்களின் வழியே தானாக வரும். காற்றாடிக்கு வேலையே இல்லை. இருந்தாலும் தமிழர் வீடென்றால் கூரையில் மூன்று இறக்கை சுற்றியாக வேண்டும். பூமியை விட்டுக் கிளம்பியபோது அதையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்துத் தலையணையில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, ஊரில் உள்ள மன்றங்களுக்கெல்லாம் மனுப் போடும் வழக்கத்தையும்தான். மருத்துவர்கள் கேட்டார்கள், அதிகாரிகள் கேட்டார்கள், இயந்திரம் கேட்டது. குளிரையும் குண்டுகளையும் பற்றி அவர்களிடம் ஓயாமல் சொன்ன சுடர்க்கொடி, வீட்டுக்காரரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்டால் மனம் நோகுமென்று கேட்கவில்லை.

"கணவரின் ஒப்புதல் பெறப்பட்டது. மனைவிக்கு ஆட்சேபணை இல்லையென்றால்..." என்று தீர்ப்பி தொடங்கியது.

"கொஞ்சம் சும்மா இரு" என்றாள் சுடர்க்கொடி, விளக்கைப் பார்க்காமலே. பிறகு அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"அங்க கரண்டு போனப்ப முதல்ல காத்தாடிதான் நின்னுச்சு. மூச்சுக் காத்தே அது வழியாத்தான் வரும். எல்லாரும் இருட்டுல பேசிக்கிட்டே இருந்தோம். அப்புறம் பக்கத்துல இருந்தவங்க ஒவ்வொருத்தரா பேச்சை நிறுத்தினாங்க."

தணிகைவேல் மெல்ல உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"நம்ம வீட்டுக் காத்தாடிக் காத்து பட்டா உங்களுக்கு விடிய விடியத் தும்மல் வருமே. ஒரு பட்டாளத்துக்காரி, காத்தாடி நின்னா பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லு."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ராத்திரி காத்தாடிய நிறுத்தாதீங்க. தும்மினாத் தும்முங்க."