அசையாத பச்சைக் கோடு

எந்தச் சத்தம் முதலில் நின்றது என்பது சரியாக நினைவிருக்கிறதா என்று அந்த மூத்த பொறியாளருக்கே சந்தேகம்தான். மின்விசிறியின் கிறீச்சா, பக்கத்து மேசைப் பெண் தட்டிக்கொண்டிருந்த விசைகளின் டப்டப்பா?

அப்போது மணி நாலரை. தானாகவே அலையை எழுப்ப வேண்டிய அவருடைய ஆசிலேட்டர் சர்க்யூட் கணினி சிமுலேஷனில் ஓடிக்கொண்டிருந்தது. அலை அலையாக எழ வேண்டிய பச்சைக் கோடு, இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போலக் கிடந்தது. ஐந்து மணிக்குள் அது ஆடாவிட்டால் திட்டத்தின் பொறுப்பு பக்கத்து மேசைக்குப் போய்விடும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நேற்று வந்தவளுக்குக் கீழே கைகட்டி நிற்பதா? இருபது வருடம் பற்றவைப்பு ஈயப் புகையை விழுங்கியது இதற்குத்தானா?

"சார், சர்க்யூட்ல தப்பில்ல," என்றாள் அவள். "நிஜத்துல கொஞ்சமாவது இரைச்சல் இருக்கும், அதுதான் வளர்ந்து அலையாகும். கணக்குல அது சுத்தமா பூஜ்யம். முதல்ல லேசா ஒரு தட்டு தட்டிவிடுங்க, ஓடிடும்."

"தட்டி ஓட்ட இது என்ன ஓட்டை ஸ்கூட்டரா? போம்மா, போய் உன் வேலையப் பாரு."

அவள் சொன்னது சரி. ஆனால் தட்டிவிட்டால் அவள் ஜெயித்ததாகிவிடும். இரைச்சல்தானே வேண்டும்? கணினியின் மைக்கைத் திறந்து அறையின் சத்தத்தையே சர்க்யூட்டுக்குள் விட்டார். மின்விசிறியின் கிறீச், குளிர்சாதனத்தின் முனகல், தெரு வண்டிகளின் உறுமல், அவளுடைய சின்ன இருமல், எல்லாம் கலந்து உள்ளே இறங்க, பச்சைக் கோடு புழுவாக நெளிந்து மெல்லத் தலை தூக்கியது.

"பாத்தியா?" என்றார், திரும்பாமலே.

மின்விசிறி சுற்றியது, சத்தமில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து ஓசையின்றிக் கடந்தது. அலை உயர்ந்தது. திமிர், வாய் திறக்க மாட்டாளாமே. திரும்பினார்.

அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

எதுவும் கேட்கவில்லை. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. மறு கை மைக்கைக் காட்டியது.

விரல் மைக்கை மூடப் போனது. மூடினால், பாதி வளர்ந்த கோடு படுத்துவிடும். மணி நாலு ஐம்பது.

இன்னும் பத்தே நிமிடம்.

விரலை எடுத்துக்கொண்டார்.

மேலாளர் வந்தார். திரையைப் பார்த்தார். ஏதோ பாராட்டி வாயசைத்தார். தன் குரல் கேட்காமல் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் தரையைப் பார்த்தார்.

அவள் இதயம் காரணமின்றி நின்றுவிட்டதாக மருத்துவர் எழுதினார். மேலாளர் வேலையை விட்டுப் போனார். அதன் பிறகு மேலாளரின் குரலை யாரும் கேட்கவே இல்லை. பொறுப்பு இவருக்கே கிடைத்தது. கணினியின் மின்கம்பியை அன்றே பிடுங்கிவிட்டார்கள். திரையில் அலை இன்னும் ஓடுகிறது, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை.