நிறைத்து வைத்த போத்தல்

"களவு போனது என்ன மகள்?" என்று கேட்டார் அபூசாலி.

"எலும்பு," என்றாள் றிப்னா.

கேற்றடியில் தன் முச்சக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த றொசானின் கை அப்படியே நின்றது. கல்முனையில் மாடு களவு போய்க் கேட்டிருக்கிறான், மோட்டார் சைக்கிள் களவு போய்க் கேட்டிருக்கிறான். எலும்பைக் களவெடுக்க நாயைத் தவிர வேறு யார் வருவார்கள்? துணியை வண்டிக்குள் எறிந்துவிட்டு, யாரும் அழைக்காமலே உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தான். துப்பு என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். சவாரிகூட வேண்டாம்.

அபூசாலி ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்து ஓய்வு பெற்றவர். எலும்பில் மயிரளவு வெடிப்பைக் கண்டுபிடித்துப் பழகிய கண் என்பதால், ஊரில் ஒரு பொருள் காணாமல் போனாலும் ஒரு கதை பொருந்தாமல் போனாலும் ஆட்கள் அவரிடம்தான் வந்தார்கள்.

றிப்னா பாலமுனையில் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய ஆய்வுகூடம் வைத்திருக்கிறாள். ஆட்டு எலும்பை அவித்து, கொழுப்பை நீக்கி, வெள்ளை வெளேரென்று வரும்வரை உலையில் சுட்டால் மிஞ்சுவது கல்சியம் பொஸ்பேற்று. நம் எலும்பிலும் இருப்பது அதுதான். அதைச் சிறு துண்டுகளாக்கி, நோயாலோ அடிபட்டோ எலும்பில் விழுந்த பள்ளத்தில் நிரப்பினால், சுற்றியுள்ள எலும்பு அதற்குள் வளர்ந்து பள்ளத்தை மூடிவிடும். கண்டிக்குப் பரிசோதனைக்கு அனுப்ப ஒரு போத்தல் நிறையச் செய்து வைத்திருந்தாள். அனுப்புமுன் ஒரு சிட்டிகை எடுத்து அமிலம் விட்டுப் பார்த்திருக்கிறாள்.

"நுரைச்சுப் பொங்கிச்சு மாமா. நல்லாச் சுட்ட எலும்பு அப்பிடிப் பொங்காது. சிப்பிதான் பொங்கும். ஆரோ எலும்ப எடுத்துட்டு, சிப்பிய உடைச்சுப் போட்டிரிக்காங்க."

"ஆரில சந்தேகம்?"

"முர்ஷித். என்ட உதவியாள். கொழும்பில ஒரு கொம்பனி அவனக் கூப்பிட்டிரிக்கி. என்ட சாமானக் காட்டி வேலை எடுக்கப் பாக்கான். இண்டைக்கு அசறுத் தொழுகைக்குப் பிறகு பொலிஸில முறைப்பாடு குடுக்கப் போறன். குடுத்தா அந்தப் பொடியன்ட வாழ்க்கையே போயிரும். அதான், முதல்ல நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

"எலும்பு எங்க எடுத்த?"

"இறைச்சிக் கடையிலதான்," என்றாள் றிப்னா. சொல்லிவிட்டுக் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

பாலமுனைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே றொசான் இரண்டு தரம் துப்புத் துலக்கிவிட்டான். காரைதீவில் முர்ஷித், நிந்தவூரில் அந்தக் கொம்பனிக்காரன். பின்னால் இருந்தவர்கள் அவனைக் கவனிக்கவில்லை.

"உங்கட தங்கச்சி பஸ்மினா எப்பிடி இரிக்கா?" என்று அபூசாலி கேட்டார். "அவட மகள்ட காலை முதல்முதல் படம் எடுத்தது நான்தான்."

"அப்பிடியே இரிக்கா மாமா. ஸுஹைறா மௌத்தாகி, அடக்கி மூணு மாசமாகப் போகுது. அஞ்சு வயசுப் புள்ள. எலும்புப் புற்று எண்டு கொழும்புக்குக் கொண்டுபோயும் ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு." றொசான் துப்புத் துலக்குவதை அதோடு விட்டான்.

ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். தகப்பன் இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாகக் கட்டியவை; நடுவில் மதில் இல்லை. ஒன்றில் றிப்னா. மற்றதில் பஸ்மினா, அவள் புருஷனுக்குக் கட்டாரில் வேலை. பஸ்மினாவின் தாழ்வாரத்தில் ஒரு சின்னச் சைக்கிள் சுவரோடு சாய்ந்து கிடந்தது. பக்கத்துத் தேசிக்காய் மரத்தடியில் மண் புதிதாகக் கிளறி நீர் ஊற்றப்பட்டிருந்தது. அங்கேயே ஓர் உரல் கவிழ்ந்து காய்ந்தது.

"பாருங்க காக்கா, உரலில வெள்ளை படிஞ்சு கிடக்கு. இந்தக் காலத்திலயும் பிட்டுக்கு மா இடிக்கிறாங்க," என்றான் றொசான்.

அபூசாலி குனிந்து அந்த வெள்ளையை விரலால் தேய்த்துப் பார்த்தார். மா வழுக்கும். இது நறநறத்தது. விரலைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

ஆய்வுகூடத்தில் முர்ஷித் சுவரோடு ஒட்டி நின்றான். அழுது முடித்த முகம். "அல்லாஹ்வுக்காகச் சொல்றன், நான் எடுக்கல்ல," என்றான். கூட்டித் துடைக்கும் ஸைனம்பு வாசற்படியில் இருந்தாள்.

"கதவுத் திறப்பு ஆரிட்ட இரிக்கி?" என்று கேட்டார் அபூசாலி.

"இந்தத் தம்பியிட்ட ஒண்டு. மத்தது றிப்னா மிஸ்ஸுட குசினி ஆணியில தொங்கும். வளவுக்க இரிக்கிற ஆரும் எடுக்கலாம்," என்றாள் ஸைனம்பு.

அபூசாலி போத்தலைத் தூக்கிப் பார்த்தார். மூடி வரை நிறைந்திருந்தது. ஒரு வெள்ளைக் கடதாசியில் கொட்டிப் பரப்பினார். கழுவி, அரித்து, ஒரே அளவாகத் தேர்ந்த துண்டுகள். ஒன்றின் ஓரத்தில் மட்டும் ரோஸ் நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

றொசான் சும்மா இருப்பானா? ஸைனம்பு கூட்டும் தும்புத்தடியை அலுமாரிக்கு அடியில் விட்டு இழுத்தான். ஒரு சாண் நீளத்தில் சுடாத ஆட்டுக் காலெலும்பு ஒன்று உருண்டு வந்தது.

"மிச்ச எலும்புகள் எங்க மகள்?"

றிப்னா அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். அங்கே வெறும் தட்டு. "அதுவும்... இல்ல," என்றாள்.

"இதச் சொல்லல்லயே நீங்க."

அபூசாலி எலும்பை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பஸ்மினா தேநீர் கொண்டு வந்தாள். வந்தவர்கள் யார், என்ன காரியம் என்று ஒன்றும் கேட்கவில்லை. "சீனி காணுமா?" என்று மட்டும் கேட்டாள். போதும் என்றதும் போய்விட்டாள். அவளைப் பார்க்க றொசானுக்குப் பாவமாக இருந்தது.

அபூசாலி தேநீரைக் குடித்து முடித்தார். "முர்ஷித் தம்பி, வீட்ட போங்க. உங்களில ஒரு பிழையும் இல்ல. ஸைனம்பு, நீங்களும் போங்க."

இருவரும் போனபின் கதவைச் சாத்தினார். சந்தேகத்துக்குரிய எல்லோரையும் கூட்டி வைத்து உண்மையை உடைப்பார் என்று காத்திருந்த றொசானுக்குச் சப்பென்று போனது.

"முர்ஷித் இல்ல எண்டு எப்பிடிச் சொல்றீங்க?" என்றாள் றிப்னா.

"சிப்பி அமிலத்தில பொங்கும் எண்டு அவனுக்குத் தெரியாதா? அவன் மாத்தியிருந்தா உங்களுக்குத் தெரியாம இருக்க வேற வழி பாத்திருப்பான். இத வெச்ச ஆளுக்கு உங்கட சாமான் வெள்ளையா இரிக்கும் எண்டு மட்டுந்தான் தெரியும். அதோட, களவெடுக்க வந்தவன் போத்தல விளிம்பு வரைக்கும் நிறைச்சுட்டுப் போவானா? கழுவி, அரிச்சு, அளவு பாத்து? இது உங்கட வேலை கெட்டிரக் கூடாதெண்டு வெச்ச சாமான் மகள். உங்களில பட்சமுள்ள ஆள் வெச்சது."

றிப்னா யன்னல் வழியாகத் தங்கையின் வீட்டைப் பார்த்தாள்.

"இப்ப இந்த எலும்பப் பாருங்க. இறைச்சிக் கடையில வாங்கின எலும்பில கத்தி விழாம இரிக்குமா? துண்டு துண்டா வெட்டித்தான் தருவான். இதில ஒரு வெட்டுக்கூட இல்ல. மூட்டில பிரிச்சுக் கழட்டியிரிக்கி."

"அதில என்ன காக்கா?" என்றான் றொசான்.

"உனக்குத் தெரியாது றொசான். புள்ளை பிறந்தா எங்கட ஆக்கள் ஆடு அறுத்து அகீகா குடுப்பாங்க. அந்த ஆட்டுட எலும்ப உடைக்காமக் கழட்டி, அப்பிடியே மண்ணில புதைக்கிற வழக்கம் சில குடும்பத்தில இரிக்கி. புள்ளைட கைகால் சுகமா இரிக்கட்டும் எண்டு."

றிப்னா ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். மீதியை அவளே சொன்னாள். ஸுஹைறா பிறந்தபோது தகப்பன் கட்டாரில், அகீகா தள்ளிப்போனது. கால் நோவு வந்த பிறகுதான், எப்படியாவது சுகம் வரட்டும் என்று லீவில் வந்து ஆடு அறுத்தார். எலும்புகளைச் சீலைத் துண்டில் கட்டி, புதைக்கச் சொல்லி பஸ்மினா கொடுத்தது றிப்னாவின் கையில்.

"வெட்டுப்படாத எலும்பு எனக்குக் கடையில கிடைக்கல்ல மாமா. மண்ணுக்குப் போறது அவட காலுக்கே உதவட்டுமே எண்டு நினைச்சன். புற்று எடுத்த இடத்தில இத வெச்சு நிரப்பலாம் எண்டு... அவ மௌத்தானதுக்குப் பிறகு, புதைக்கல்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல." அவள் அபூசாலியை நிமிர்ந்து பார்த்தாள். "நான் உடைச்சு, நெருப்பில போட்டதாலதான் புள்ளை போனா எண்டு பஸ்மினா நினைக்கிறாளா?"

"ஆடு அறுக்க முந்தியே, நான் எடுத்த படத்தில, புற்றுட நிழல் எலும்பில இரிந்திச்சு. நான் என்ட கண்ணால பாத்தன். அத நான் அவவுக்குச் சொல்லுவன்," என்றார் அபூசாலி. "அவ குடுத்த சீலைக் கட்ட இந்தத் தட்டில கண்டிருப்பா. ஆனா அவ அந்த எலும்பையும் போத்தல்ல இரிந்ததையும் தேசிக்காய் மரத்தடியில புதைச்சது அதுக்காக மட்டும் இல்ல மகள். புள்ளைக்கெண்டு செய்யச் சொன்ன ஒரு காரியம் செய்யப்படாமக் கிடந்திச்சு. தாய் அத முடிச்சு வெச்சிரிக்கா."

அவர் உள்ளங்கையை விரித்தார். றிப்னா அந்த ரோஸ் தீற்றலைப் பார்த்தாள். கியூட்டெக்ஸ். பெருநாளுக்கு அவளே வாங்கிக் கொடுத்தது. நகத்துக்குப் பூசியது போதாதென்று, கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளுக்கும் பூசிப் பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்தாள் ஸுஹைறா. மேசையில் அமிலம் விட்ட கிளாஸ் இன்னும் அப்படியே இருந்தது. அதில் போட்ட சிட்டிகை முழுக்கக் கரைந்து, தெளிந்த நீர்தான் மிஞ்சியிருந்தது.

றொசான் தலையைக் குனிந்துகொண்டான். இந்தத் துப்புத் துலங்காமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

கதவு தட்டப்பட்டது. கோப்பைகளை எடுக்க வந்த பஸ்மினா, கடதாசியில் பரப்பிக் கிடந்ததையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ராத்தா, போதாமப் போச்சா?" என்றாள் மெதுவாக. "இன்னொரு டின் இரிக்கி. அத நான் இன்னும் உடைக்கல்ல. கொண்டு வரவா?"