தவறே செய்யாத ஜெயசீலி

இந்த ஆண்டு தொடங்கியதிலிருந்து நர்ஸ் ஜெயசீலி பெயருக்கு நேரே ஒரு தவறுகூடப் பதிவாகவில்லை. இன்னும் நான்கு நாளில் ஆண்டு முடிகிறது. அதற்குள் ஒன்றையாவது ஒப்புக்கொள்ளாவிட்டால் 'மறைப்பவர்' என்று முத்திரை குத்தி உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

சட்டம் நல்ல எண்ணத்தில்தான் வந்தது. முன்பெல்லாம் மருத்துவமனைகளில் தவறுகளை மூடி மறைத்தார்கள். மறைத்த தவறே மறுபடி நடந்து ஆட்கள் செத்தார்கள். அதனால் வார்டுக்கு வார்டு மெய்காட்டி என்ற கருவியை வைத்தார்கள். அதன் முன் நின்று செய்த தவறைச் சொன்னால் தண்டனை கிடையாது, பாராட்டுப் புள்ளி உண்டு. உண்மை என்றால் பச்சை விளக்கு; பொய் சொன்னால் குரலை வைத்தே கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கைக் காட்டும். சாவுகளும் குறையத்தான் செய்தன. அதோடு விட்டிருக்கலாம். மனிதன் என்றால் தவறுவான், ஒன்றுமே சொல்லாதவன் ஒளிக்கிறான் என்று எவனோ ஒரு புத்திசாலி விதி எழுதினான். நாசமாய்ப் போக.

"பொய்யாச் சொன்னா அது கண்டுபிடிச்சிருமேக்கா" என்றாள் ஜெயசீலி.

மருந்தகத்து மரியபாக்கியம் சிரித்தாள். "அப்ப நெசமாவே ஒண்ணு பண்ணித் தொலையேன், ஏளா. வேணும்னு செஞ்சியான்னு அது கேக்கவா போகுது? எல்லாரும் அப்படித்தான் பண்ணுதாவ. யாருக்கும் ஒண்ணும் ஆவாத மாதிரிப் பாத்துச் செய்யி."

ஒன்பதாம் படுக்கையில் பூல்பாண்டி இருந்தான். லாரி ஓட்டுகிறவன்; குடல்வால் அறுவை முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவன். காலையில் டாக்டர் நவநீதன் அவனைப் பார்த்துவிட்டு, "பொட்டாசியத்தை நிறுத்திருங்க" என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். மதியம் வந்த டிரிப்ஸ் பாட்டிலில், பொட்டாசியம் கலந்திருந்தால் ஒட்டும் சிவப்புச் சீட்டு இல்லை. அப்படியென்றால் வெறும் உப்புநீர். கொஞ்சம் வேகமாக ஏறினால் இந்த உடம்புக்கு என்ன ஆகிவிடும்?

ஜெயசீலி பதினாறு வருடத்தில் முதல் தடவையாகச் சொட்டு வேகத்தை வேண்டுமென்றே கூட்டிவிட்டாள்.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு ரொம்ப அவசரமா?" என்று பூல்பாண்டி கேலி செய்தான்.

அரை மணி நேரத்தில் அவன் இதயம் நின்றுபோனது. நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள், மீளவில்லை.

சட்டப்படி உறவினர் முன்னிலையில் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். பூல்பாண்டியின் மனைவி சுடலைவடிவை மெய்காட்டிக்கு அருகே உட்கார வைத்தார்கள்.

"பொட்டாசியத்தை நிறுத்தச் சொன்னேன். கேஸ் ஷீட்டுல எழுதலை" என்றார் நவநீதன். பச்சை.

"பொட்டாசியம் பாட்டில்ல சிவப்புச் சீட்டு ஒட்டலை" என்றாள் மரியபாக்கியம். பச்சை.

ஜெயசீலிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வேகமாக ஏறினால் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். "சொட்டு வேகத்தைக் கூட்டுனேன்" என்றாள். பச்சை.

சுடலைவடிவு மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "வார்டுல இருபது பேரு கெடக்காவ. மூணு பேரும் ஏன் எம்புருசன்கிட்டயே தப்புப் பண்ணுனிய?"

"இருக்கிறதுலயே அவருதான் நல்லாயிருந்தாரு" என்றாள் ஜெயசீலி. "தாங்கிக்கிடுவாருன்னு நெனச்சேன்."

மற்ற இருவரும் மெல்லத் தலையாட்டினார்கள். மெய்காட்டி பச்சை காட்டியது. மூவருக்கும் ஒவ்வொரு புள்ளி ஏறியது. ஜெயசீலியின் உரிமம் அடுத்த ஆண்டுக்குத் தானாகவே புதுப்பிக்கப்பட்டது.