இரண்டு கை மாத்திரை

மாத்திரையை விழுங்கிய சற்று நேரத்தில் யாரோ அவள் தலையில் வகிடு எடுத்தார்கள்.

பனிதா திரும்பிப் பார்த்தாள். தலைமாட்டில் சுவர் மட்டுமே இருந்தது. மழை ஈரம் ஊறி, டெட்டாலும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாசனையோடு, மதியத்திலேயே இருண்டு கிடந்த பிரசவ வார்டின் சுவர்.

"தீதி, தலையில ஏதோ ஊறுது" என்றாள் நர்ஸ் அக்காவிடம்.

நர்ஸ் சினேகலதா சிரித்தாள். "அந்த மாத்திரைக்கு அப்படித்தான் மா. அதுக்கு ரெண்டு கை. ஒண்ணு இதயத்த நிதானமா பிடிச்சுக்கும், இன்னொண்ணு ரத்தக் குழாயத் தளர்த்தி விடும். போற போக்குல தலையையும் வருடும். கோராபுட் மலையிலேர்ந்து வந்த பொண்ணுக்குச் சும்மா பேன் பாக்க ஆள் கிடைச்சா கசக்குதா?"

பனிதாவும் சிரித்து வைத்தாள். போன பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. இந்தக் குழந்தைக்காக எதையும் விழுங்குவாள்.

ஆனால் ஊறல் இத்தனை ஒழுங்காக வருமா? குளிர்ந்த விரல்கள் வகிட்டின் இரு பக்கமும் கூந்தலைப் பிரித்தன, மூன்று கால்களாக்கின, ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு இழுத்தன. பிடரியில் ஒரு மூச்சு. தொட்டுப் பார்த்தால் முடி விரிந்தே கிடந்தது.

அடுத்த வேளை மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பினாள். விரல்கள் வரவில்லை. மாலைக்குள் கண்முன் பொறிகள் பறந்தன. வயிற்றில் வைத்த கருவியில் குழந்தையின் துடிப்பு தடுமாறியது.

"முழுங்கினியா இல்லையா? உண்மையச் சொல்லுடி!" சினேகலதா அதட்டினாள்.

அழுதுகொண்டே விழுங்கினாள். சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். "என் தலைய என்ன வேணா பண்ணிக்கோ. குழந்தைய விட்டுடு."

விரல்கள் நின்றன. கேட்டன. பிறகு வேகமாகப் பின்னின.

காலையில் ஆப்பரேஷனுக்கு அழைத்துப்போக சினேகலதா சீப்போடு வந்தாள். தொப்பிக்குள் அடங்க அங்கே எல்லோருக்கும் இரட்டைப் பின்னல்தான்.

"அட, உன் மாமியார் போட்டுட்டாங்களா? இவ்ளோ இறுக்கமாவா?"

மாமியாரை வார்டுக்குள் விடுவதே இல்லை.

பனிதா தொட்டாள். இரண்டு பின்னல்கள். நுனியில் காயம் கட்டும் துணியின் முடிச்சு.

பெண் குழந்தை. அழுதது. உயிரோடு.

பனிதாவின் தலையில் ஊறல் இல்லை. ஒன்றுமே இல்லை. போய்விட்டது. அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு விம்மினாள்.

குழந்தையின் தலை மெல்லச் சுவர்ப்பக்கம் சாய்ந்தது. யாரோ பிடித்துச் சாய்ப்பதுபோல.

கம்பளித் தொப்பியைக் கழற்றினாள்.

ஈரம் உலராத முடி. நடுவகிடு. ஒரு காதுக்கு மேலே நக நீளத்தில் ஒரு பின்னல்.

மறுபக்கம் பாதிதான் முடிந்திருந்தது. மூன்று கால்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.